இன்ஃப்ளூயன்ஸ்: பாதிப்பா, தாக்கமா, வழியா?

"இவருடைய கதைகளில் புதுமைப்பித்தனின் பாதிப்பு தெரிகிறது." மதிப்புரைகளில் இப்படி ஒரு வரியைப் படிக்காத வாசகர் இருக்க மாட்டார். நாளிதழைப் புரட்டினால் "கனமழையால் நெற்பயிர் பாதிப்பு" என்றும் "டெங்கு பாதிப்பு அதிகரிப்பு" என்றும் இருக்கும். வெள்ளத்துக்கும் கொசுவுக்கும் புதுமைப்பித்தனுக்கும் நாம் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம்.

ஒரு படைப்பாளியிடம் முன்னோர் ஒருவரின் எழுத்து ஏற்படுத்தும் விளைவைத்தான் ஆங்கிலத் திறனாய்வில் இன்ஃப்ளூயன்ஸ் என்கிறார்கள். அதைத் தமிழில் சொல்ல மூன்று சொற்கள் புழங்குகின்றன. பாதிப்பு வடமொழி வழியாக வந்தது. பாதித்தல் என்றால் வருத்துதல், துன்புறுத்துதல். தாக்கம் தமிழ்ச்சொல்தான், ஆனால் தாக்குதலின் உடன்பிறப்பு. செல்வாக்கு என்பது செல்லும் வாக்கு, அதாவது சொன்னால் நடக்கிற சொல். அது வட்டாரப் பெரிய மனிதருக்குப் பொருந்தும், கவிதைக்குப் பொருந்தாது. மூன்றிலும் பின்வந்தவர் வாங்கிக்கொள்பவராக மட்டுமே நிற்கிறார். ஒன்று அடிபடுகிறார், அல்லது அடங்கிப்போகிறார்.

ஆங்கிலச் சொல்லிலும் இந்தக் கோணல் உண்டு. அதன் இலத்தீன் வேருக்கு 'உள்ளே பாய்தல்' என்று பொருள். இடைக்கால ஐரோப்பியச் சோதிடர்கள் விண்மீன்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வழிந்து மனிதருக்குள் பாய்வதாகவும், அதுவே குணத்தையும் விதியையும் தீர்மானிப்பதாகவும் நம்பினார்கள். அந்தப் பாய்ச்சலுக்கு இட்ட பெயர்தான் பிற்பாடு இலக்கியத்துக்கு வந்தது. கொள்ளைநோய்களுக்கும் விண்மீன்களே காரணம் என்று கருதிய இத்தாலியர் ஒரு காய்ச்சலுக்கு இன்ஃப்ளூயன்சா என்று பெயரிட்டார்கள். 1743இல் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆக, 'டெங்கு பாதிப்பு', 'புதுமைப்பித்தன் பாதிப்பு' என்ற நம் குழப்பத்துக்கு ஐரோப்பாவில் ஒரு பங்காளி இருக்கிறார்.

இனி, தமிழ் மரபு இதை எப்படிப் பார்த்தது? தொல்காப்பியத்தின் மரபியல் நூலை முதல் (தானே மூலமானது), வழி (முன்னதைப் பின்பற்றியது) என இரண்டாக்குகிறது. வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்து அதர்ப்பட யாத்தல் என்று நான்காகப் பிரிக்கிறது. அதர் என்பதற்கும் வழி என்றே பொருள். பவணந்தியின் நன்னூல் இவற்றோடு, இரண்டையும் ஓரளவே சார்ந்து வேறுபடும் சார்புநூலையும் சேர்த்துக்கொண்டு, வழிநூலுக்கு இப்படி இலக்கணம் சொல்கிறது:

"முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்துப்
பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி
அழியா மரபினது வழிநூல் ஆகும்."

இரண்டாம் அடியைக் கவனியுங்கள். 'பின்னோன் வேண்டும் விகற்பம்'. பின்வந்தவன் தான் விரும்பிய வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது வழிநூலே ஆகாது. இந்த வரையறை இலக்கணம் போன்ற நூல்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது உண்மைதான். அதைக் கதைக்கும் கவிதைக்கும் நீட்டுவது என் விருப்பம். ஆனால் கவிஞர்களும் அப்படியே நடந்திருக்கிறார்கள். வடமொழியில் இக்கதை செய்தவர் மூவருள் முந்தியவரின் உரைப்படியே தமிழ்ப் பாவில் சொல்கிறேன் என்று கம்பர் பாயிரத்திலேயே கணக்குக் காட்டிவிடுகிறார். மணிமேகலையில் சாத்தனார் 'தெய்வம் தொழாஅள்' குறளை எடுத்தாளும்போது "பொய்யில் புலவன் பொருளுரை" என்று உரியவரைச் சுட்டுகிறார். மேற்கோள்குறி இல்லாத காலத்தில் இதைவிட நேர்மையாக எப்படிச் சுட்டுவது?

கம்பரின் அவையடக்கத்தில் பாற்கடலை முழுதும் நக்கிக் குடித்துவிட நினைத்துப் புகுந்த பூனை ஒன்று வருகிறது. சீவக சிந்தாமணியிலிருந்து 'ஓர் அகப்பை முகந்துகொண்டேன்' என்று அவர் சொன்னதாக ஒரு செவிவழிக் கதையும் உண்டு. நடந்ததோ இல்லையோ, அந்த அகப்பை எனக்குப் பிடித்திருக்கிறது. விண்மீன் கொட்டவில்லை, வெள்ளம் அடித்துப் போகவில்லை. வேண்டியதை வேண்டிய அளவு பின்னோனே போய் முகந்துகொள்கிறான். பூனையும் தானாகத்தான் கடலுக்குப் போகிறது.

ஒரிஜினல் என்ற சொல்லையும் இங்கேயே பார்த்துவிடலாம். அதன் இலத்தீன் மூலத்துக்கு எழுதல், உதித்தல் என்று பொருள். நாம் புழங்கும் அசல் அரபியிலிருந்து வந்தது, மூலம் வடமொழி. இரண்டுக்கும் வேர் என்பதே பொருள். தமிழின் 'முதல்' மரத்தின் அடியையும் குறிக்கும், கடைக்காரர் போட்ட பணத்தையும் குறிக்கும். அசலும் வட்டிக்கடையில் முதலாகவே இருக்கிறது. வேரோ முதலோ, அதோடு நின்றுவிடுகிற பொருளை இந்தச் சொற்கள் காட்டவில்லை. மேலே வளர வேண்டியதையே காட்டுகின்றன.

இருபதாம் நூற்றாண்டுக் கவிஞர்கள் இதைத் தங்கள் பெயரிலேயே எழுதி வைத்தார்கள். பாரதி இளமையில் ஆங்கிலக் கவிஞர் ஷெல்லியின் பெயரால் ஷெல்லிதாசன் என்று கையெழுத்திட்டார். புதுச்சேரியில் பாரதியோடு பழகிய கனகசுப்புரத்தினம் பாரதிதாசன் ஆனார். இராசகோபாலன் சுப்புரத்தினதாசன் ஆகி, அந்தப் பெயரைச் சுருக்கிச் சுரதா ஆனார். மூன்று தலைமுறை தாசர்கள். ஆனால் பாரதியில் ஷெல்லியைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. பாரதிதாசனின் பகுத்தறிவுக் குரல் சக்தியைப் பாடிய பாரதியின் குரல் அல்ல. சுரதாவோ உவமைக் கவிஞர் என்று தனிப்பெயர் வாங்கியவர். இவர்களில் யாரைப் 'பாதிக்கப்பட்டவர்' என்பது?

ஆகவே என் பரிந்துரை 'வழி'தான். "இவர் புதுமைப்பித்தன் வழியில் எழுதுகிறார்", "இந்நாவல் இன்னதன் வழிநூல்" என்று தாராளமாக எழுதலாம். நடையில் மட்டும் லேசாகத் தெரிந்தால் 'சாயல்' போதும். மூலத்தைச் சொல்லிவிட்டுக் கதையை நம் மண்ணுக்கு மாற்றினால் 'தழுவல்'. சொல்லாமல் எடுத்தால் களவு. அதற்குப் புதுச்சொல் தேவையில்லை.

பாதிப்பை அகராதியிலிருந்து நீக்கச் சொல்லவில்லை. கல்லூரி நாட்களில் நான் எழுதிய கவிதைகள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இன்னும் இருக்கின்றன. அண்மையில் எடுத்துப் படித்தேன். ஒவ்வொரு பக்கத்திலும் அந்த மாதம் யாரைப் படித்துக்கொண்டிருந்தேன் என்று தேதி போட்டதுபோலத் தெரிகிறது. அவற்றுக்குப் பாதிப்பு என்பதே சரியான சொல்.