புதுப் பூச்சுக்குப் பின்னால் இருக்கும் சுவர்

வீடு வாங்க எண்ணுபவர்களுடன் கட்டிடப் பொறியாளராகச் செல்லும்போது, அவர்கள் அறைகளின் விசாலத்தையும் சமையலறை மேடையையும் ரசித்துக்கொண்டிருக்க, நான் முதலில் தேடுவது தண்ணீர் வந்துபோன தடங்களைத்தான். பிற்காலத்தில் பெருஞ்செலவு வைக்கும் பழுதுகளில் பல, எங்கோ ஓரிடத்தில் நீர் புகுந்ததில் தொடங்கியவை என்பது என் அனுபவம்.

கறை இருக்கும் உயரத்தைக் கவனித்தாலே காரணத்தில் பாதி விளங்கிவிடும். தரையிலிருந்து சுவரில் ஏறும் ஈரமான ஓதம் பெரும்பாலும் 1 மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும். கூரையை ஒட்டித் தெரியும் கறையோ மொட்டை மாடியிலிருந்தோ மேல்தளத்துக் குளியலறையிலிருந்தோ இறங்கியதாக இருக்கலாம். வீடு முழுவதும் பழைய வண்ணத்தில் இருக்க, ஒரு சுவர் மட்டும் புதிதாகப் பளபளத்தால் அங்கே சற்று அதிக நேரம் நிற்க வேண்டும். ஒரு முறை, எல்லாச் சுவர்களும் புது வண்ணத்தில் மின்னிய வீட்டில், படுக்கையறையின் சுவர் அலமாரியைத் திறந்து உள்ளிருந்த துணிகளை விலக்கிப் பார்த்தபோது, பின்சுவர் முழுவதும் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்ந்துகொண்டிருந்தது. அலமாரிக்குள் வண்ணம் அடிக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

விரிசல்கள் எல்லாமே அஞ்சத்தக்கவை அல்ல. பூச்சு உலரும்போது சுருங்குவதால் தோன்றும் மயிரிழைக் கோடுகள் பார்வைக்குத்தான் குறை. ஆனால், ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றிருக்கும் விரிசலும், அதன் அருகிலேயே கதவு சட்டத்தில் இடிப்பதும் சேர்ந்து வந்தால், அடித்தளம் இறங்கியிருக்கக்கூடும் என்று ஐயுற வேண்டும். தூணிலோ உத்தரத்திலோ உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின் போக்கிலேயே நீளும் விரிசல் இன்னும் கடுமையானது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு பருத்து, மேலிருக்கும் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது என்பதால், அதன்மேல் பட்டி பார்ப்பது மறைக்குமே தவிர நிறுத்தாது.

எளிய சோதனைகள் சிலவற்றை யாரும் செய்யலாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். முள் நகர்ந்தால் எங்கோ கசிவு உண்டு. குளியலறைத் தரையில் ஒரு வாளி நீரை ஊற்றினால், வாட்டம் சரியா, நீர் மூலையில் தேங்குகிறதா என்பது தெரிந்துவிடும். மின்சாரம் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் மின்கசிவுத் தடுப்பானில் உள்ள சோதனைப் பொத்தானை உரிமையாளரின் அனுமதியுடன் அழுத்துங்கள். மின்சாரம் உடனே துண்டிக்கப்பட வேண்டும். பத்திரங்கள் வழக்கறிஞரின் வேலை, அதில் நான் நுழைவதில்லை.

முடிந்தால் இரண்டாம் முறை, நல்ல மழைக்கு மறுநாள் செல்லுங்கள். கறையைச் சுட்டிக்காட்டும்போது, "அதையெல்லாம் சரிசெய்தாயிற்று" என்று பதில் வருவது வழக்கம். சரிசெய்யப்பட்டது சுவரா, கசிவா என்று அப்போதே கேட்டு, வேலை நடந்த இடத்தையும் காட்டச் சொல்லுங்கள்.