குடிக்கிற கேஸ்தானே என்று சொல்லாதீர்கள்

போன முகூர்த்தத்துக்கு மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரு போன். குடியாத்தம் ரோட்டில் இருக்கும் ஒரு மண்டபத்தின் மேனேஜர். "அண்ணே, பரிமாறுற பசங்க மூணு பேர் ஸ்டோர் ரூம்ல படுத்திருந்தாங்க. ஒருத்தன் எழுந்திரிக்கவே மாட்டேங்கிறான். வெளியில தூக்கிப் போட்டிருக்கோம். உங்க சோடா சிலிண்டர்ல உஸ்ஸுன்னு சத்தம் வருது" என்றார்.

108ஐக் கூப்பிடுங்கள், கதவு ஜன்னலைத் திறந்து விடுங்கள், ஒருவரும் உள்ளே போகாதீர்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். நான் போய்ச் சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. பையனுக்குப் பத்தொன்பது வயது. ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். மறுநாள் மாலை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், பிழைத்துக்கொண்டான். ஆனால் வாசலில் நின்றபடி மேனேஜர் என்னிடம் கேட்ட கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன். "சோடா கேஸ்தானேண்ணே? நாம குடிக்கிறதுதானே? அது எப்படி ஆளை அடிக்கும்?"

இந்தக் கேள்வியை நான் கேட்பது முதல் தடவை இல்லை. காட்பாடியில் விசேஷங்களுக்குச் சோடா மெஷின் வாடகைக்கு விடுகிறேன். அதற்கு முன் ஒன்பது வருஷம் பெங்களூர் பப்களில் டிராஃப்ட் பீர் லைன் வேலை பார்த்தேன். கெக் என்கிற பீர் பேரலை மாட்டுவது, பீர் வரும் லைனைக் கழுவுவது, ரெகுலேட்டர் பழுது பார்ப்பது எல்லாம் அங்கே கற்றதுதான். இரண்டு இடத்திலும் ஒரே கேஸ், கார்பன் டை ஆக்சைடு. இரண்டு இடத்திலும் இதே பேச்சு. அங்கே பயந்து வேலை செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். இங்கே கோலி சோடா குடித்து வளர்ந்த ஊர் என்பதாலோ என்னவோ, யாருக்கும் பயமே இல்லை.

குடிப்பது வேறு, சுவாசிப்பது வேறு. இதைப் பொறுமையாகச் சொல்கிறேன், தயவுசெய்து பொறுமையாகக் கேளுங்கள். சோடா பாட்டில் லேபிளில் 290 என்று ஒரு எண் இருக்கும், இந்தக் கேஸுக்கான உணவுச் சேர்க்கை எண் அது. ஒரு லிட்டர் சோடாவில் ஏழெட்டு கிராம் கேஸ்தான் கரைந்திருக்கும். அது வயிற்றுக்குப் போகிறது, ஏப்பமாக வெளியே வருகிறது, அவ்வளவுதான். பிரியாணிக் கல்யாணத்தில் ஆயிரம் பேர் குடித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் நுரையீரலுக்குள் போகும் காற்றில் இந்தக் கேஸ் சாதாரணமாக 0.04 சதவீதம்தான். எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்தில் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உலகமெங்கும் புழக்கத்தில் இருக்கும் வரம்பு. 4 சதவீதம் என்றால் உயிருக்கு உடனடி ஆபத்து என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் கோடு போட்டிருக்கிறது. 10 சதவீதத்தை நெருங்கினால் சில நிமிடங்களில் நினைவு தப்பிவிடும். தண்ணீர்கூடக் குடிக்கிற பொருள்தான். அதற்காக மூக்கை முக்கிக்கொண்டு யாராவது மூச்சு விடுவார்களா?

இன்னொன்று. "லீக் ஆனா வாசனை வருமே" என்கிறார்கள். வராது. சமையல் கேஸில் வரும் நாற்றம்கூட அந்தக் கேஸின் சொந்த நாற்றம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனியில் கலந்து அனுப்புகிறார்கள். சோடா கேஸில் அப்படி எதுவும் கலப்பதில்லை. நிறமும் கிடையாது. உடம்பு மட்டும் சொல்லும்: மூச்சு வாங்கும், தலை பாரமாகும், நெஞ்சு படபடக்கும். விழித்திருப்பவன் எழுந்து வெளியே போய்விடுவான். நாள் முழுக்கப் பந்தியில் நின்று களைத்துத் தூங்குகிறவனுக்கு அது எப்படித் தெரியும்? குடித்துவிட்டுப் படுத்தவனுக்கு எப்படித் தெரியும்? அந்த மூன்று பேரில் ஒரு பையன் நடுராத்திரி தலைவலியோடு எழுந்திருக்கிறான். அடுப்புப் புகை என்று நினைத்துக்கொண்டு வெளியே திண்ணையில் போய்ப் படுத்துவிட்டான். விடியற்காலை மற்றவர்களை எழுப்பப் போனதும் அவன்தான்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். என் ஆள் சிலிண்டரைப் பந்தி நடக்கும் இடத்துக்கு வெளியே, பின்பக்கத் தாழ்வாரத்தில் தூணோடு சங்கிலி போட்டு நிறுத்தியிருந்தான். ராத்திரி பத்தரைக்குச் சோடா கவுன்டரை மூடினார்கள். காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்று என் ஆளும் கிளம்பிவிட்டான். அது எங்கள் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அப்புறம் மண்டபத்தில் யாரோ, திருட்டுப் போய்விடும் என்ற நல்லெண்ணத்தில், ரெகுலேட்டரைக் கழற்றி, சிலிண்டரை உருட்டிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் வைத்து, ரெகுலேட்டரை மறுபடியும் மாட்டியிருக்கிறார்கள். கழற்றும்போதே வாஷர் கீழே விழுந்திருக்கிறது. வால்வும் முழுதாக மூடவில்லை. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்தி, மளிகைச் சாமான் போய்விடும் என்று கதவையும் சாத்தி, அரிசி மூட்டைகளுக்கு நடுவே சாக்கு விரித்து மூன்று பிள்ளைகள் படுத்துவிட்டார்கள். அந்த வாஷரைத் தாழ்வாரத்தில் தேடி எடுத்தேன். பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சின்னது.

காலையில் சிலிண்டரை எடை போட்டுப் பார்த்தேன். கொடுத்தபோது எழுதி வைத்த எடைக்கு 4 கிலோ குறைவு. அன்று போன சோடா ஐந்நூறு கிளாஸ், அதற்கு ஒரு கிலோ கணக்கு வைக்கலாம். மீதி 3 கிலோ அந்த அறைக்குள்தான் இறங்கியிருக்கிறது. ஒரு கிலோ கேஸ் சிலிண்டரை விட்டு வெளியே வந்தால் 540 லிட்டருக்கு மேல் விரியும். 3 கிலோ என்றால் 1,600 லிட்டர். அறை பன்னிரண்டுக்குப் பத்து அடி, உயரம் பத்தடி, ஏறக்குறைய 34,000 லிட்டர். பங்கு போட்டுப் பாருங்கள், 4 சதவீதத்தைத் தாண்டும். அதுவும் அறை முழுக்கச் சமமாகக் கலந்தால். இந்தக் கேஸ் காற்றைப் போல ஒன்றரை மடங்கு கனம். குளிர்ச்சியாக வேறு வெளியே வரும். அதனால் தரையோடு தங்கும். கட்டிலில் படுத்தவனைவிடச் சாக்கில் படுத்தவனுக்கு அதிகம் போகும். எழுந்திருக்காத பையன்தான் சிலிண்டருக்குப் பக்கத்தில் தலை வைத்துப் படுத்திருந்தவன்.

நம் பக்கத்துக் கிணறுகள் ஆழமானவை. தூர் வாருவதற்கு முன் பெரியவர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கி, சுடர் அணைகிறதா என்று பார்ப்பார்கள். அது தெரிந்தவர்கள் என்னிடம், "மெழுகுவத்தி ஏத்தி வச்சா போதுமே" என்றும் கேட்டிருக்கிறார்கள். போதாது. சுடர் அணைகிற அளவுக்குக் கேஸ் சேரும் முன்பே மனிதன் மயங்கி விழுந்துவிடுவான். எரிகிற விளக்கைப் பார்த்துவிட்டு உள்ளே இறங்குவது ஆபத்து. அதேபோல் ஒருவன் விழுந்ததைப் பார்த்துப் பின்னாலேயே அடுத்தவன் இறங்குவது. ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல் ஷாப்புகளின் தொட்டிகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் வேறு, ஆனால் சாவு வரும் வழி ஒன்றுதான். முதலில் கதவைத் திறந்து காற்று போகவிடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் இழுங்கள். இல்லாவிட்டால் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள்.

இனி வெயில். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்வானேன். ஆனால் சிலிண்டருக்கு அந்த வெயில் என்ன செய்யும் என்று பலருக்குத் தெரியவில்லை. உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். 20 டிகிரியில் அதன் அழுத்தம் 57 பார், 30 டிகிரியில் 72. லாரி டயரில் ஏழெட்டு பார்தான் இருக்கும், அதைப் போல ஒன்பது பத்து மடங்கு. 31 டிகிரியைத் தாண்டினால் திரவமாகவே இருக்காது, அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் கிடுகிடுவென்று ஏறும். இங்கே மே மாதம் 40க்குக் கீழே இறங்குகிற பகல் எத்தனை? இதற்காகத்தான் சிலிண்டர் கொள்ளும் தண்ணீரின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பக் கூடாது என்கிறார்கள். "கொஞ்சம் சேர்த்துப் புடிச்சுக் குடுப்பா" என்று நிரப்புகிறவரிடம் கேட்காதீர்கள். அந்தக் கொஞ்சத்தால்தான் குட்டி யானையின் பின்னால் தார்ப்பாய்க்குள் கிடக்கும் சிலிண்டரில், அழுத்தம் மிஞ்சினால் கேஸை வெளியே விடுகிற பாதுகாப்புத் தகடு கிழிகிறது. காரில், கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பின் சீட்டில் சிலிண்டரோடு ஏலகிரி ஏறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். கார் எவ்வளவு சின்ன அறை என்று யோசியுங்கள்.

ஏலகிரி என்றதும் கெக் நினைவுக்கு வருகிறது. மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள்: "பெங்களூர் மாதிரி பீர் பேரலும் குழாயும் வாடகைக்குக் கிடைக்குமா?" கிடைக்காது. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. கர்நாடகத்திலிருந்து நீங்களே வண்டியில் ஏற்றி வந்தால் அது கடத்தல், மதுவிலக்குச் சட்டத்தில் வழக்கு வரும். கல்யாண மண்டபங்களில் பரிமாறச் சிறப்பு உரிமம் என்று 2023இல் ஒரு அறிவிப்பு வந்ததே என்பார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும் மண்டபங்களை அதிலிருந்து எடுத்துவிட்டார்கள். எப்படியோ கெக் வந்துவிட்டது, சிலிண்டரும் ரெகுலேட்டரும் மட்டும் கொடுங்கள் என்றால் என் பதில் "இல்லை" என்பதுதான்.

சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கெக்கை மூன்று நான்கு டிகிரியில் வைத்து, ஒரு பார் அளவுக்குள் கேஸ் கொடுத்து எடுக்க வேண்டும். தோட்டத்து வெயிலில் வைத்தால் குழாயில் நுரைதான் வரும். நுரை வந்தால் கேஸ் போதவில்லை என்று நினைத்து ரெகுலேட்டரைத் திருகுவார்கள். அதிகமாக நுரை வரும், இன்னும் திருகுவார்கள். ரெகுலேட்டரே இல்லாமல் சிலிண்டரிலிருந்து நேராக ஓஸ் மாட்டப் பார்த்த ஒருவரைப் பெங்களூரில் கையைப் பிடித்து இழுத்திருக்கிறேன். கெக் தாங்குவது நாலு பார் போல, சிலிண்டரில் இருப்பது எழுபது. அப்புறம், காலியான கெக்கின் தலையை ஸ்க்ரூடிரைவரால் நெம்புகிறவர்கள். உள்ளே மிச்சம் இருக்கும் அழுத்தத்தில் நடுக்குழாய் ஈட்டி போலக் கிளம்பும். வெளிநாடுகளில் இதில் ஆள் செத்திருக்கிறார்கள். பழைய இரும்புக் கடைக்காரர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, மெஷின் எடுக்கிறவர்கள் செய்ய வேண்டியது. சிலிண்டரை வெளியே வையுங்கள், கூரை நிழலில், காற்றோட்டமாக. நிற்க வையுங்கள், சங்கிலி போடுங்கள். படுக்க வைத்தால் திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறி உறைந்து அதைக் கெடுத்துவிடும். ரெகுலேட்டரில் பனி பிடித்தால் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாதீர்கள், வால்வை மூடிக் கொஞ்ச நேரம் விடுங்கள். இடம் மாற்ற வேண்டுமென்றால் வாடகைக்குக் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள், ராத்திரி இரண்டு மணியானாலும் பரவாயில்லை, நாங்கள் திட்ட மாட்டோம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசிச் சொட்டுத் திரவம் இருக்கும் வரை முள் அசையாது, எடை போட்டால்தான் தெரியும். கழுத்தில் குத்தியிருக்கும் சோதனைத் தேதியைப் பாருங்கள், 5 வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை நடந்திருக்க வேண்டும். வெல்டிங் ஷாப் சிலிண்டரைக் கொண்டுவந்து மாட்டுகிறவரைத் திருப்பி அனுப்புங்கள், அது உணவுக்கு நிரப்பியது கிடையாது. கேஸ் ஏறிய தண்ணீர் செம்புக் குழாயில் போகக் கூடாது, செம்பைக் கரைத்துக் குடிக்கிறவர் வயிற்றைப் புரட்டிவிடும். எங்கள் தொழிலில் இருக்கிற சிலருக்கே இது தெரியவில்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

மண்டப முதலாளிகளிடம் ஒன்று கேட்கிறேன். கோபமாகக் கேட்கவில்லை. பந்தியில் நிற்கும் பிள்ளைகள் காலை நாலு மணியிலிருந்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் படுக்க ஓர் இடம் ஒதுக்குங்கள். ஸ்டோர் ரூமில் சமையல் சிலிண்டர், ஜெனரேட்டர் டீசல், எங்கள் சிலிண்டர் என்று எல்லாவற்றோடும் சேர்த்து அவர்களையும் அடுக்காதீர்கள்.

இப்போது என் ஆள் கவுன்டர் மூடியதும் சிலிண்டரைக் கழற்றி வண்டியில் ஏற்றிக்கொண்டுதான் கிளம்புகிறான். அடுத்த நாளும் விருந்து இருந்தால் ரெகுலேட்டரை மட்டுமாவது கையோடு எடுத்துவந்து, வால்வுக்கு மூடி போட்டுப் பூட்டிவிடுகிறான். அந்த மண்டபத்திலும் பின்பக்கச் சுவரில் இரும்பு வளையம் அடித்திருக்கிறார்கள். பசங்களுக்கு மாடியில் ஓர் அறையைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். ஜன்னலுக்குக் கொசுவலை இன்னும் போடவில்லை. ஆவணி முகூர்த்தத்துக்குள் போட்டுவிடுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லியிருக்கிறேன், இல்லாவிட்டால் அதையும் சாத்திக்கொண்டுதான் படுப்பார்கள்.