மெமரி வேகத்துக்கான எண்ணை யூடியூப்பில் தேடாதீர்கள்: திருகோணமலைப் பழுதுபார்ப்பு மேசையிலிருந்து ஒரு வேண்டுகோள்

சென்ற வாரம் உப்புவெளியிலிருந்து ஒரு தந்தையும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் அவருடைய மகனும் வந்திருந்தார்கள். துவாயில் சுற்றிக் கொண்டுவந்தது கணினித் திரைக்குப் படத்தை உருவாக்கித் தரும் கிராஃபிக்ஸ் கார்ட், ஆர்.எக்ஸ். 580, 8 கிகாபைட். விசிறி சுழல்கிறது, திரையில் எதுவும் வரவில்லை. "தம்பி, இது திரும்ப வேலை செய்யுமா? மூத்தவன் கட்டாரில இருந்து அனுப்பின காசில வாங்கினது" என்று தந்தை கேட்டார். பையன் தலையைக் குனிந்தபடியே, "அண்ணா, வீடியோவில காட்டின அதே மொடல்தான். பெட்டியும் அதே பெட்டிதான்" என்றான்.

வீடியோவில் ஒருவர் கார்டிலுள்ள மெமரியின், அதாவது படத்துக்கான தரவை வைத்திருக்கும் சிப்புகளின், வேகத்தை உயர்த்திக் காட்டிய எண்ணைத் தன் கார்டிலும் வைத்திருக்கிறான். திரையில் புள்ளிகள் சிதறின. கார்டில்தான் குறை என்று எண்ணி, "வேகமான பயோஸ்" என்று யாரோ பகிர்ந்திருந்த கோப்பை இறக்கி ஏற்றியிருக்கிறான். பயோஸ் என்பது கார்ட் எப்படி இயங்க வேண்டும் என்று அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும் அடிப்படை மென்பொருள். இந்த மாதத்தில் இதே கதையுடன் வந்த மூன்றாவது கார்ட் இது. மூன்று பேரும் சொன்னது ஒரே வாக்கியம்: "அதே மொடல்தான்." அந்த வாக்கியத்துக்காகவே இதை எழுதுகிறேன்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் மொடல் பெயர், அந்தக் கார்ட் எந்த வேகத்தில் பிசகின்றி ஓடும் என்று உற்பத்தியாளர் பொறுப்பேற்றிருக்கிறார் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆர்.எக்ஸ். 580 இன் 8 கிகாபைட் கார்டுகளில் மெமரியின் அந்த வேகம் பொதுவாக 2000 மெகாஹேர்ட்ஸ், அதாவது ஒவ்வோர் இணைப்பிலும் நொடிக்கு 8 கிகாபிட். அதற்கு மேல் கிடைப்பது எதுவாக இருந்தாலும் அதற்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கார்டில் 200 மெகாஹேர்ட்ஸ் கூடுதலாகக் கிடைத்தது, என்னுடையதில் 50 தான் கிடைத்தது, ஆகவே கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போனவர்களையும் எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2000 இல் ஒழுங்காக ஓடும் கார்ட், நீங்கள் பணம் கொடுத்து வாங்கிய பொருளை முழுமையாகத் தந்துவிட்டது.

மெமரி சிப்புகளை கார்ட் நிறுவனங்கள் செய்வதில்லை. சாம்சங், மைக்ரோன், ஹைனிக்ஸ் போன்றோரிடம் வாங்கிப் பொருத்துகின்றன. ஒரே மொடலில் ஒரு மாதம் ஒருவருடைய சிப்பும் அடுத்த மாதம் இன்னொருவருடைய சிப்பும் வரும், பெட்டியில் அது குறிக்கப்பட்டிருக்காது. என்விடியாவின் ஜி.டி.எக்ஸ். 1070 என்ற கார்டில் இதை உலகமே பார்த்தது. 2016 இல் அந்தக் கார்டுகள் முதலில் சாம்சங் மெமரியுடன் வெளிவந்தன. அதே ஆண்டின் பிற்பகுதியில் மைக்ரோன் மெமரியுடன் வந்தவற்றில் சிறிது வேகத்தை உயர்த்தினாலே திரையில் கட்டம் கட்டமாகக் கோளாறு தெரிந்தது. கார்ட் நிறுவனங்கள் புதிய பயோஸ் வெளியிட்ட பிறகு அது பெருமளவு தீர்ந்தது. அப்படியானால் குறை சிப்பில் மட்டும் இருக்கவில்லை, அதை நடத்திய பயோஸிலும் இருந்தது என்பது தெளிவு.

சிப் தயாரிப்பாளர் ஒருவரேயானாலும், ஒரே சிலிக்கன் தகட்டில் பிறந்த சிப்புகள்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. சோதித்து, தாங்கும் வேகத்துக்கேற்பத் தரம் பிரித்துத்தான் விற்கிறார்கள். சில வேளைகளில் உயர்தரச் சிப்பைக் குறைந்த வேகத்தில் ஓட்டவும் செய்வார்கள்: ஆர்.டி.எக்ஸ். 2080 சூப்பரில் 16 கிகாபிட் தரச் சிப்புகள் 15.5 இல் ஓடுகின்றன. அத்தகைய கார்டில் மேலே ஏற இடம் ஏற்கெனவே விடப்பட்டிருக்கிறது. தன் தரத்தின் எல்லையிலேயே ஓடும் கார்டில் அந்த இடம் இல்லை. அதோடு, 580 போன்ற கார்டில் எட்டு மெமரி சிப்புகள் இருக்கின்றன, எட்டும் ஒரே வேகத்தில்தான் ஓடியாக வேண்டும். ஏழு சிப்புகள் 2200 ஐத் தாங்கி எட்டாவது 2060 ஐத் தாண்டியதும் தடுமாறினால், உங்கள் கார்டின் எல்லை 2060 தான். அந்த எட்டாவது சிப் எதுவென்று எந்த வீடியோவும் உங்களுக்குச் சொல்லாது.

சிப்போடும் விடயம் முடிவதில்லை. நொடிக்கு 14 கிகாபிட் வேகத்தில் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 71 பிகோநொடி. அந்த நேரத்தில் பலகையிலுள்ள செப்புத் தடத்தில் மின்குறி ஒரு சென்டிமீட்டர் அளவுதான் நகரும். அதற்குள் அடுத்த பிட் புறப்பட்டுவிடும். ஆகவே தடங்களின் நீளம், பலகையின் தரம், மின்னழுத்தத்தின் சீர்மை, கிராஃபிக்ஸ் சிப்புக்குள்ளேயே இருக்கும் மெமரிக் கட்டுப்படுத்தி ஆகிய ஒவ்வொன்றும் எல்லையை நகர்த்துகின்றன. இவற்றில் எதையும் நீங்கள் மாற்ற முடியாது என்பதால் இதற்கு மேல் விரிக்கவில்லை.

வெப்பம் அப்படியல்ல, அது நம் ஊர் விடயம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையின் கீழ் மதியம் இரண்டு மணிக்கு ஓடும் கார்டும், குளிரூட்டிய அறையில் சோதிக்கப்பட்ட கார்டும் ஒரே எண்ணைத் தாங்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. நான் திறக்கும் பழைய கார்டுகள் பலவற்றில் மெமரிக்கும், சூட்டை வெளியேற்றும் உலோகப் பகுதியான ஹீட்சிங்குக்கும் இடையில் சூட்டைக் கடத்தும் மெத்தென்ற தேர்மல் பாட் காய்ந்து, தொட்டாலே உதிர்கிறது. மாற்றியவர்களோ கையில் கிடைத்த தடிப்பில் ஒட்டிவிடுகிறார்கள்: மெல்லியதாக இருந்தால் பாட் மெமரியைத் தொடாது, தடித்ததாக இருந்தால் ஹீட்சிங்க் நடுவிலுள்ள கிராஃபிக்ஸ் சிப்பை விட்டு எழும்பிவிடும். ஆர்.டி.எக்ஸ். 3090 இல் மெமரியின் பாதி பலகையின் பின்புறத்தில் இருக்கிறது. பின்தகட்டில் கை வைத்துப் பார்த்தவர்களுக்கு அதன் சூடு தெரியும்.

ஒரே வேகத்தை வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு எண்ணாகக் காட்டுவதால், எண்களைக் கலந்து குழப்பிக்கொள்வதும் நடக்கிறது. வேகத்தை மாற்ற உதவும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில், ஜி.டி.டி.ஆர்.6 வகை மெமரியுள்ள என்விடியா கார்டுக்கு "1000 கூட்டு" என்றால் 14 கிகாபிட் 16 ஆகிறது. அதே மெமரியை, கார்டின் விபரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருள் 1750 என்று காட்டும், உயர்த்திய பின் 2000 என்று காட்டும். இந்த எண்களைத் தூக்கிக்கொண்டு போய் 580 இல் வைக்க முடியாது.

"கேம் நிற்கவில்லை, ஆகவே சரிதான்" என்பவர்களும் கவனிக்க வேண்டும். இன்றைய மெமரியில் பிழை கண்டறியும் ஏற்பாடு உண்டு, ஜி.டி.டி.ஆர்.6எக்ஸ் போன்றவற்றில் பிழையாகச் சென்ற தரவு மறுபடி அனுப்பப்படுகிறது. திரையில் ஒன்றும் தெரியாது, வேகம் மட்டும் மெல்லக் குறையும். உயர்த்திவிட்டோம் என்ற மகிழ்ச்சியில், முன்பைவிட மெதுவான கணினியை மாதக்கணக்கில் பாவித்தவர்கள் இருக்கிறார்கள்.

செய்யத்தான் வேண்டுமென்றால் இப்படிச் செய்யுங்கள். முதலில் உங்கள் பயோஸை ஜிபியு-இசட்டில் சேமித்து, கணினிக்கு வெளியே ஒரு பென் டிரைவில் வையுங்கள். அதே திரையில் மெமரி யாருடையது என்பதையும் பாருங்கள். சிறிய படிகளாக ஏற்றுங்கள். ஒவ்வொரு படியிலும் ஒரே வேகச் சோதனையை ஓட்டி, அது தரும் மதிப்பெண்ணைக் குறியுங்கள். மதிப்பெண் ஏறுவது நின்ற இடத்தில் நீங்களும் நில்லுங்கள், பிறகு கொஞ்சம் இறங்குங்கள். இரவில் கிடைத்த எண்ணை மதிய வெயிலில் இன்னொரு முறை சோதியுங்கள். வேறு கார்டின் பயோஸை மட்டும் ஏற்றாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். 2022 செப்டெம்பரில், கிராஃபிக்ஸ் கார்டுகளை ஓட்டி எதேரியம் என்ற மின்நாணயத்தை ஈட்டும் "சுரங்கம்" நின்ற பிறகு சந்தைக்கு வந்த பழைய கார்டுகளில் மாற்றப்பட்ட பயோஸ் முன்பே இருக்கலாம். பழையது வாங்குபவர்கள் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பையனின் கார்டைக் கழற்றிச் சிப்புகளைத் துடைத்துப் பார்த்தேன். எட்டிலும் "எச்5" என்று தொடங்கும் எழுத்துகள்: ஹைனிக்ஸ். அவன் ஏற்றிய பயோஸில் இருந்ததோ சாம்சங் மெமரிக்கான நேர அளவுகள், அதாவது மெமரி ஒவ்வொரு வேலைக்கும் எவ்வளவு நேரம் எடுக்கலாம் என்ற அமைப்புகள், மட்டும். எட்டுக் கால் பயோஸ் சிப்பில் கிளிப்பை மாட்டி, அந்தக் கார்டுக்குரிய பயோஸைத் தேடியெடுத்து எழுதியபோது மாலை ஆகிவிட்டது. திரை வந்தது.

அவனையே பக்கத்தில் இருத்தி, மெமரிப் பிழைகளை எண்ணிக் காட்டும் மென்பொருளைத் திறந்துவைத்து, படிப்படியாக ஏற்றச் சொன்னேன். 2060 வரை பிழை எண்ணி பூச்சியத்தில் நின்றது. 2080 இல் ஒன்று, இரண்டு என்று தொடங்கி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்றுக்கணக்கில் ஓடியது. திரையில் ஒரு புள்ளிகூடச் சிதறவில்லை. அவன் எதுவும் பேசாமல் 2040 க்கு இறக்கி, அந்த எண்ணை ஒரு ஒட்டுத்தாளில் எழுதி, கேசிங்கின் உட்பக்கத்தில் ஒட்டுவதற்காகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.