நூலை எரித்தால் தறி தெரியாது

போன வாரமும் ஓர் அம்மா வந்தார். மகளின் முகூர்த்தப் புடவை ஒரு பையில். சின்ன பிளாஸ்டிக் உறையில் கருகிய நூல் கொஞ்சம். "முந்தானைக் குஞ்சத்துல ரெண்டு இழை எடுத்துக் கொளுத்திப் பார்த்துட்டேன் சார். முடி கருகுற வாசனைதான் வந்துச்சு. அப்போ கைத்தறிதானே?"

இல்லை அம்மா. அது பட்டு. நெருப்பு சொன்னது அவ்வளவுதான்.

துணிப் பரிசோதனை வேலையில் இருக்கும் எனக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. பட்டும் புரதம், முடியும் புரதம். அதனால்தான் அந்த வாசனை. சாம்பலைத் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணியாக இறுகும். ரேயான் காகிதம் போல எரியும். இதெல்லாம் நூல் எந்த இனம் என்பதற்கான பதில். அதைக் கை நெய்ததா, மோட்டார் நெய்ததா என்று நெருப்புக்கு எப்படித் தெரியும்? விசைத்தறியிலும் சுத்தமான பட்டு ஓடுகிறது. அதை எரித்தாலும் இதே வாசனைதான் வரும். "ஒரிஜினல் பட்டு" என்பதும் "கைத்தறி" என்பதும் ஒன்றல்ல, ஒன்றே அல்ல.

சில்க் மார்க்கிலும் இதே குழப்பம். மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த அந்த முத்திரை, பட்டு சுத்தம் என்று மட்டும் சொல்லும். தறியைப் பற்றி, சரிகையைப் பற்றி அது வாய் திறக்காது. கைத்தறிக்கு 2006-இல் வந்த ஹேண்ட்லூம் மார்க் தனி.

அந்த அம்மாவிடம், கடையில் "காஞ்சிபுரம் கைத்தறி, கோர்வை" என்று சொல்லியிருக்கிறார்கள். பச்சை உடல், அரக்குக் கரை. கரையை லென்ஸில் வைத்துப் பார்த்தேன். அரக்குப் பாவுக்குள் (நீளவாட்டு இழைகள்) பச்சை ஊடை (குறுக்கு இழை) ஓடியிருந்தது. நாடா என்பது ஊடையைக் குறுக்கே கொண்டுபோகும் கருவி. கோர்வை என்றால் கரைக்குத் தனி நாடா, உடலுக்குத் தனி நாடா. கரையின் ஊடை கரையோடு திரும்பிவிடும். அதனால்தான் கோர்வைக் கரையில் நிறம் கலங்காமல் அடர்த்தியாக நிற்கும். திருப்பிப் பார்த்தால் உடலும் கரையும் சேருமிடத்தில் இரு நிற ஊடைகளும் பின்னிப் பிணைந்திருப்பது தெரியும். இதற்கு நெசவாளியோடு கரை நாடா தள்ள இன்னொருவரும் உட்கார வேண்டும். ஒரு புடவைக்கு இரண்டு பேரின் பல நாள் உழைப்பு. (கோர்வை இல்லாத நல்ல கைத்தறிப் புடவைகளும் உண்டு. கோர்வை என்று சொல்லி விற்றதுதான் இங்கே தப்பு.)

பில்லை வாங்கிப் பார்த்தேன். "பட்டுப்புடவை – 1." கைத்தறி என்ற சொல்லே இல்லை. விலை மட்டும் கோர்வைக் கைத்தறி விலை. அந்தக் கூடுதல் பணத்தில் ஒரு ரூபாய்கூட எந்த நெசவாளி வீட்டுக்கும் போகவில்லை என்பதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

தயவுசெய்து வாங்கும்போதே பாருங்கள், வாங்கிய பிறகு தீக்குச்சி உரசாதீர்கள். கடையிலேயே புடவையை விரித்துத் திருப்பிப் பாருங்கள். கூச்சப்பட என்ன இருக்கிறது? ஹேண்ட்லூம் மார்க் எங்கே என்று கேளுங்கள். பில்லில் "கைத்தறி" என்று எழுதச் சொல்லுங்கள். சரிகை அசலா, இமிடேஷனா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். சரிகையைப் பிரித்தால் உள்ளே சிவப்பு நூல் இருந்தது, அதனால் அசல் என்று நம்பிவிடாதீர்கள், சிவப்புச் சாயம் எந்த நூலிலும் ஏறும். எழுத மறுக்கிறார்களா? புடவையை மடித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.