ஆப்த மித்ரா பையில் என்ன இருக்கிறது, தீக்கு எது உதவாது

செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு அடுத்த தெருவில். நடுவே பர்மா தேக்கில் தூணும் உத்தரமுமாக நீண்டு கிடக்கும். பல வீடுகள் விசேஷத்துக்கு மட்டுமே திறப்பவை. அங்கே தீப்பிடித்தால் வண்டி வருவதற்குள் ஓடிப்போய் நிற்பவர்கள் பக்கத்து வீட்டு இளவட்டங்கள்தான். இப்படி முதலில் ஓடிப்போகிறவர்களுக்குப் பயிற்சியும் சாமானும் தர ஒன்றிய அரசின் ஆப்த மித்ரா திட்டம் இருக்கிறது. பேரிடர் நண்பன் என்று பொருள்.

தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் இதை 2016இல் 30 மாவட்டங்களில் தொடங்கியது. பிறகு 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேருக்குப் பயிற்சி என விரிவாக்கியது. வயது 18 முதல் 40 வரை, ஏழாம் வகுப்பாவது படித்திருக்க வேண்டும். பயிற்சி 12 நாள், கட்டணம் கிடையாது. முதலுதவி, கயிற்று முடிச்சு, வெள்ள மீட்பு, தீத்தடுப்பு எல்லாம் அதில் வரும். முடித்தவர்களுக்குச் சான்றிதழ், அடையாள அட்டை, காப்பீடு, அப்புறம் ஒரு பை. சம்பளம் இல்லை. அடுத்து யுவ ஆப்த மித்ரா என்று என்.சி.சி., என்.எஸ்.எஸ்., சாரணர் பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. காரைக்குடியில் கல்லூரி படிப்பவர்கள் அங்குள்ள என்.எஸ்.எஸ். அலுவலரிடம் கேட்கலாம்.

பைக்கு வருவோம். தலைக்கவசம், கையுறை, கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி, கம்பூட்ஸ் என்கிற ரப்பர் பூட்ஸ், டார்ச், விசில், கயிறு, முதலுதவிப் பெட்டி, மிதவைச் சட்டை போன்றவை இருக்கும். கிடைத்தவுடன் எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு தீக்குள் இறங்கத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். இது மீட்புப் பை. எரியும் வீட்டுக்குள் போகிற தீயணைப்பு வீரர் போடும் வெப்பம் தாங்கும் உடையும், முதுகில் சுமக்கும் காற்று சிலிண்டரும் இதில் இல்லை. ரப்பர் பூட்ஸ் சூட்டுக்கு இளகும். மிதவைச் சட்டை ஊருணிக்கும் கண்மாய்க்கும்தான். பையில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன்: உள்ளே பருத்திச் சட்டை போடுங்கள். பாலியஸ்டர் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். புகைக்கு ஈரத்துணி கட்டினால் போதும் என்பார்கள். துணி கரித்தூளைத் தடுக்குமே தவிர, விஷவாயுவான கார்பன் மோனாக்சைடைத் தடுக்காது.

சரி, அப்படியானால் தன்னார்வலர் என்ன செய்வது? நிறைய இருக்கிறது. மின்சாரத்தை நிறுத்துவது, ஆட்களை வெளியே கூட்டிவந்து எண்ணிப் பார்ப்பது, கூட்டத்தை விலக்கி வண்டிக்கு வழிவிடுவது. சின்னத் தீ என்றால் தீயணைப்பானின் ஊசியைப் பிடுங்கி, தீயின் அடிப்பாகத்தைக் குறிவைத்து, பக்கவாட்டில் வீசி அடிக்கலாம். வெளியேறும் வழி எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

சேர விரும்பினால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில், அடுத்த பயிற்சி எப்போது என்று கேளுங்கள். சிவகங்கை மாவட்டக்காரர்கள் சிவகங்கையில், புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் புதுக்கோட்டையில். 1077 மாவட்டப் பேரிடர் எண்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் சாவி யாரிடம், பின்வாசல் எந்தத் தெருவில், கோடையிலும் தண்ணீர் நிற்கும் ஊருணி எது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 101க்கோ 112க்கோ அழைக்கும்போது இரண்டு தெருப் பெயரையும் சொல்லுங்கள். வண்டி எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.