ஸ்டக்கோ: சுதையா, பூச்சா?

வீட்டின் வெளிச்சுவரைப் பூச ஆள் பேசும்போது, சுவர்ப்பூச்சைக் குறிக்கும் ‘ஸ்டக்கோ’ என்ற சொல்லுக்கு அகராதியில் பார்த்த தமிழ் ஞாபகம் வந்து கொத்தனாரிடம் ‘சுதை’ என்று சொல்லிவிட்டேன். “சுதையா? கோபுரமா கெட்டப் போறிய அண்ணாச்சி?” என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. நாகர்கோவில் பக்கம் சுதை என்றால் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் கோபுரத்தில் ஏழு நிலையிலும் நெருக்கிக்கொண்டு நிற்கும் சுண்ணாம்புச் சாந்து உருவங்கள்தான் கண்ணுக்கு வரும்.

ஸ்டக்கோ இத்தாலியச் சொல். அதற்கும் மூலம் ஜெர்மானியம்: பழைய ஜெர்மனில் ‘ஸ்துக்கி’ என்றால் துண்டு, மேலோடு. இத்தாலியில் சுண்ணாம்போடு பளிங்குப் பொடியைக் கலந்து செய்த அலங்கார வேலைக்கு இந்தப் பெயர். அமெரிக்காவிலோ வீட்டு வெளிச்சுவரில் பூசுவதற்கே ஸ்டக்கோ என்கிறார்கள். மரச்சட்ட வீடு என்பதால் கம்பிவலை அடித்து மூன்று தடவை பூசுவார்கள். முதல் பூச்சு ஈரமாக இருக்கும்போதே கீறிவிடுவார்கள். அடுத்தது பிடிக்க வேண்டுமே. நம் செங்கல் சுவரை நனைத்தாலே சாந்து பிடிக்கும். கான்கிரீட்டும் செங்கல்லும் சேரும் இடத்தில் மட்டும், வெடிப்பு விழாமல் இருக்க வலை வைப்பார்கள்.

சுதை வடமொழி ‘சுதா’விலிருந்து வந்தது. அமுதுக்கும் சுண்ணாம்புக்கும் அங்கே ஒரே சொல். ‘வெண்சுதை விளக்கத்து வித்தகர் இயற்றிய கண்கவர் ஓவியம்’ என்று மணிமேகலை சொல்வதும் மாடங்களில் செய்த உருவங்களைத்தான். ஆக, இத்தாலிய அலங்கார வேலைக்குச் சுதை பொருந்தும், அமெரிக்க வீட்டுச் சுவருக்குப் பொருந்தாது. அகராதிகள் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டன.

சுவருக்கு நம்மிடம் இருப்பது ‘பூச்சு’. மஞ்சள் பூசுகிறோம், சந்தனம் பூசுகிறோம், சுவரும் பூசுகிறோம். சாந்து என்பதும் அப்படித்தான்: சந்தனக் குழம்பும் சாந்து, சட்டியில் குழைத்த சிமெண்டும் சாந்து. தமிழுக்குச் சுவரும் ஓர் உடம்பு போல. வேடிக்கை என்னவென்றால், ‘பிளாஸ்டர்’ என்ற சொல்லும் கிரேக்கத்தில் காயத்துக்குப் போடும் பற்றிலிருந்து வந்ததே. நாம் பிளாஸ்திரி என்று சொல்வதும் அதைத்தான்.

இன்னொரு சொல், காரை. முன்பு சிப்பி சுட்ட சுண்ணாம்பில் பூசியது அது. இப்போது எல்லாம் சிமெண்ட். ஆனாலும் பூச்சு விழுந்தால் ‘காரை பெயர்ந்துட்டு’ என்றுதான் சொல்கிறோம். சுண்ணாம்பு போய்விட்டது, சொல் போகவில்லை.

குமரியில் வெளிப்பூச்சுக்கு வேலை அதிகம். ஆனி ஆடியில் தென்மேற்கு மழை, ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கு மழை, கரையோரமானால் உப்புக்காற்றும். அதனால் உள்ளே 12 மில்லிமீட்டர் போதும் என்றால் வெளியே 20 வரை பூசுவார்கள். ஒரு பங்கு சிமெண்டுக்கு நான்கைந்து பங்கு மணல். கடல் மணல் கூடவே கூடாது. உப்புப் பூத்துப் பொரிந்துவிடும். பூசி முடித்ததும் ஏழு நாளாவது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

பெயிண்ட் கடையில் ‘ஸ்டக்கோ ஃபினிஷ்’ என்று காட்டினால் அது பெரும்பாலும் சொரசொரப்பான டெக்ஸ்சர் பெயிண்டாகத்தான் இருக்கும். அப்புறம் நானும் கொத்தனாரும் ‘வெளிப்பூச்சு’ என்றே பேசிக்கொண்டோம். கூலி மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை.