மூன்று போத்தல், ஒரே மருந்து

போன காலபோகத்தில், கார்த்திகை முடியிற நேரம், ஒரு பின்னேரம் கிளிநொச்சிக் கண்டாவளைப் பக்கமிருந்து ஒரு ஐயா, விவசாய உத்தியோகத்தரான என்னை அழைத்தார்.

"பிள்ளை, மூண்டாந்தரமும் அடிச்சுப்போட்டன். நெற்சப்பி அசையேல்லை. நெல்லுத்தான் மஞ்சளடிக்குது."

"போத்தலுகளை எறிஞ்சு போடாதேங்கோ ஐயா. காலமை வாறன்."

நெற்சப்பி என்றால் நெல்லைப் போலவே நிற்கிற புல்வகைக் களை. அந்த மாதம் இதே கதையோடு எத்தனை பேர் அழைத்தார்கள் என்று எண்ணுவதை நான் எப்போதோ விட்டிருந்தேன். மறுநாள் போனபோது ஐயா மூன்று போத்தல்களையும் வரம்பில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று நீலம், ஒன்று பச்சை. மூன்று கம்பெனி, மூன்று பெயர். "ஒண்டு கேக்கேல்லை எண்டு மற்றதுக்கு மாத்தினனான். கடைக்காரத் தம்பியும் இது புதுசு, இதை அடியுங்கோ எண்டுதான் தந்தவன்" என்றார்.

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு லேபிளின் சின்ன எழுத்தை வாசித்தேன். முதலாவதில் பிஸ்பைரிபக் சோடியம். இரண்டாவதிலும் பிஸ்பைரிபக் சோடியம். மூன்றாவதில் பெனொக்சுலம். பெயர் வேறுதான், ஆனால் அதுவும் பிஸ்பைரிபக்கின் ஒன்றுவிட்ட சகோதரம். களைநாசினிகளைத் தொழிற்படும் விதத்தை வைத்து உலகம் முழுக்க எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இந்த இரண்டும் 2ஆம் குழு. அதாவது ஐயா மூன்று தரம் காசு கொடுத்து, மூன்று தரம் கூலி கொடுத்து, ஒரே அடியை மூன்று தரம் அடித்திருக்கிறார்.

உங்களுக்கு விளங்குகிற மாதிரிச் சொல்கிறேன். 2ஆம் குழு மருந்துகள் எல்லாம் களைக்குள்ளே இருக்கிற ஒரே நொதியத்தைத்தான், குளத்துத் துருசை (மதகை) மூடுகிற மாதிரி, போய் மூடுகின்றன. துருசு மூடப்பட்டால் களைக்கு வளரத் தேவையான சில சத்துகள் உண்டாகாது, நாலைந்து நாளில் வளர்ச்சி நின்று, பிறகு கருகும். அந்தத் துருசின் அமைப்பே வேறாக இருக்கிற களைக்கு இந்தக் கதவு பொருந்தாது. கதவு மூடப் போகிற ஆளை மாற்றி என்ன பயன்? வெள்ளைச் சேட்டுக்காரன் போனாலும் நீலச் சேட்டுக்காரன் போனாலும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

இனி என்னை மிகவும் கோபப்படுத்துகிற வசனத்துக்கு வருகிறேன்: "களை மருந்துக்குப் பழகிட்டுது."

பழகவில்லை. தயவுசெய்து இதை ஆறுதலாக வாசியுங்கள். ஒரு நெற்சப்பிச் செடி மருந்தைக் குடித்துக் குடித்துப் பழகுவதற்கு அது கள்ளுக்கொட்டிலுக்குப் போகிற ஆள் இல்லை. மருந்து பட்ட செடி ஒன்றில் சாகும், அல்லது அது பிறக்கும்போதே சாகாத செடி. உங்கள் வயலில் முளைத்த இலட்சக்கணக்கான நெற்சப்பிகளில் எங்கோ ஒன்றிரண்டு இயற்கையாகவே வேறுவிதமாகப் பிறந்திருக்கும். மருந்து அதை உண்டாக்கவில்லை, மருந்து வருவதற்கு முதலே அது அங்கே இருந்தது. மருந்து செய்ததெல்லாம் அதைச் சுற்றியிருந்த மற்றவற்றைக் கொன்று அதற்கு இடம் விட்டதுதான்.

நீங்கள் விதைநெல் எப்படி எடுக்கிறீர்கள்? நல்ல வயலில், நல்ல கதிரில், மற்றதை விலக்கி எடுப்பீர்கள். ஒவ்வொரு போகமும் அப்படிச் செய்தால் நாலைந்து வருடத்தில் உங்கள் பட்டறை முழுக்க அந்த நெல்தான். அதே வேலையைத்தான் தெளிகருவியும் செய்கிறது. சாகிறதை விலக்கி, சாகாததை விதைக்கு விடுகிறது. நீங்கள் வருடம் இரண்டு போகம், ஒரே குழு மருந்தைக்கொண்டு விதைக்களை தெரிந்தெடுத்திருக்கிறீர்கள். நல்ல தெரிவு. பத்து வருடத்துக்குமேல் பிசகாமல் செய்த தெரிவு. ஒரு நெற்சப்பி ஆயிரக்கணக்கில் விதை போடும், அதுவும் உங்கள் நெல் முற்றுவதற்கு முதலே கொட்டிவிடும். மண்ணுக்குள் வருடக்கணக்கில் கிடக்கும். மிச்சக் கணக்கை நீங்களே பாருங்கள்.

இது வன்னிக்கு மட்டும் வந்த வினை என்று நினைக்காதீர்கள். 2ஆம் குழுவின் முதல் மருந்துகளில் ஒன்றான குளோர்சல்பியூரோன் 1982இல் அமெரிக்காவில் சந்தைக்கு வந்தது. 1987இல் ஐடாகோவில் ஒரு கோதுமை வயலில் அதற்கு அடங்காத களையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஐந்தே வருடம். எங்கள் நாட்டிலும் புரோபனில் என்ற பழைய களைநாசினிக்குச் சாகாத நெற்சப்பி 1990களின் கடைசியிலேயே பதிவாகியிருக்கிறது. அப்போது புரோபனிலை விட்டுவிட்டு எல்லோரும் பிஸ்பைரிபக்குக்கு வந்தோம், அதையே பிடித்துக்கொண்டு இருந்துவிட்டோம். இதில் எங்களைப் போன்ற உத்தியோகத்தர்களுக்கும் பங்கு உண்டு. "பத்தாம் பன்னிரண்டாம் நாள் இதை அடியுங்கோ" என்று வருடா வருடம் ஒரே துண்டை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

அடுத்த தவறு, அளவைக் கூட்டுவது. ஐயாவும் மூன்றாந்தரம் மூடிக் கணக்கை இரட்டித்திருக்கிறார். துருசே வேறாக இருக்கிற களைக்கு நீங்கள் நாலு மடங்கு ஊற்றினாலும் வீண். மஞ்சளடித்தது நெல். வாய்க்காலில் கலந்தது மிச்சம். அதே வாய்க்காலில்தான் கீழ்வயல்காரரின் பிள்ளைகள் குளிக்கிறார்கள். அளவைக் குறைப்பதும் இதே அளவு கேடு, "கொஞ்சமாய் விட்டாலும் கேக்கும்" என்று ஏக்கருக்குரியதை ஒன்றரை ஏக்கருக்கு இழுத்தால் அரைகுறையாகத் தாங்கக்கூடிய களைகள் தப்பி, தங்களுக்குள் கலந்து, அடுத்த தலைமுறையில் முழுதாகத் தாங்குகிறதாய் வரும். லேபிளில் இருக்கிற அளவு விளையாட்டுக்குப் போட்டதில்லை.

இதையெல்லாம் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு எல்லோரும் "என்ர வயலிலும் எதிர்ப்புக் களை" என்று தொடங்கிவிடுவீர்கள். களை சாகாத வயல் எல்லாம் எதிர்ப்பு வந்த வயல் இல்லை. நான் போய்ப் பார்க்கிற வயல்களில் நிறையப் பேருடைய பிழை வேறு. களைக்கு ஐந்தாறு இலை வந்து கிளைவிட்ட பிறகு அடித்திருப்பார்கள். தண்ணீரை வடிக்காமல் அடித்திருப்பார்கள், களை நீருக்குள் மூழ்கி நிற்க மருந்து தண்ணீருக்குப் போயிருக்கும். வடித்து அடித்தவர்கள் பிறகு தண்ணீர் கட்டியிருக்கமாட்டார்கள். பிஸ்பைரிபக் அடித்தால் இரண்டு மூன்று நாளுக்குள் திரும்பத் தண்ணீர் மறிக்காவிட்டால் புதுக்களை முளைத்துவிடும், மருந்தைக் குறைசொல்லிப் பயனில்லை. பூச்சிக்கு அடிக்கிற கூம்பு முனையோடேயே களைக்கும் அடிப்பவர்களுக்கு நான் என்ன சொல்வது? களைக்குத் தட்டை விசிறி முனை. அது கடையில் விற்கிறார்கள், பெரிய காசும் இல்லை.

எதிர்ப்பா, அடித்த பிழையா என்று வரம்பில் நின்றே ஓரளவு சொல்லலாம். களை வரிவரியாகத் தப்பியிருந்தால் தெளித்தவர் நடந்த வழியில் விட்டுப்போன இடம் அது. மேட்டில் மட்டும் நின்றால் வயல் மட்டமில்லை. மூலையில் எல்லாவகைக் களையும் நின்றால் மருந்து அங்கே முடிந்துபோயிருக்கும். ஆனால் கோரையும் அகலஇலைக் களைகளும் செத்துக்கிடக்க நெற்சப்பி மட்டும் பச்சையாக நின்றால், அதிலும் செத்த நெற்சப்பிக்குப் பக்கத்திலேயே, அதே வயது, அதே உயரத்தில் உயிரோடு இன்னொரு நெற்சப்பி நின்றால், அப்போது நான் பயப்படுவேன். ஐயாவின் வயலில் அப்படித்தான் நின்றது.

இன்னும் உறுதியாய் அறிய ஆசையென்றால் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. தப்பிய களையின் விதையை ஒரு கடதாசிப் பையில் எடுங்கள். மருந்தே படாத குளக்கட்டு ஓரத்தில் நிற்கிற நெற்சப்பியின் விதையை இன்னொரு பையில் எடுங்கள். நாலைந்து மாதம் காயவிடுங்கள், புது விதை உறங்கிக் கிடக்கும், உடனே முளைக்காது. பிறகு இரண்டு சட்டியில் விதைத்து, இரண்டு மூன்று இலைப் பருவத்தில் ஒரே நேரத்தில் சரியான அளவில் அடியுங்கள். குளக்கட்டுச் சட்டி கருகி, வயல் சட்டி நின்றால் வேறு சாட்சி தேவையில்லை.

நெற்சப்பியையே நெல் என்று நினைத்துப் பசளை போடுகிறவர்களும் உண்டு, சிரிக்காதீர்கள். இலையும் மடலும் சேருகிற இடத்தை விலக்கிப் பாருங்கள். நெல்லுக்கு அதில் வெள்ளைச் சவ்வு நாக்கு மாதிரி நிற்கும், இரண்டு பக்கமும் சின்னக் காது இருக்கும். நெற்சப்பிக்கு இரண்டும் இல்லை, மழுமழுவென்று இருக்கும். வயலில் களையாய் முளைக்கிற பன்றிநெல்லுக்கு இந்த அடையாளம் உதவாது, ஏனென்றால் அதுவும் நெல்தான். அதனால்தான் நெல்லைக் காத்துப் பன்றிநெல்லை மட்டும் கொல்கிற மருந்தை என்னிடம் கேட்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? முதலில் வீட்டில் ஒரு கொப்பி வையுங்கள். எந்தப் போகம், எந்த வயல், எந்த மருந்து. கடைப் பெயரை எழுதாதீர்கள், சின்ன எழுத்தில் இருக்கிற இரசாயனப் பெயரை எழுதுங்கள். குழு எண் அச்சிட்டிருந்தால் அதையும். வாசிக்கக் கஷ்டமென்றால் போனில் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள், கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள். லேபிள் இல்லாத போத்தலை எவ்வளவு மலிவாய்த் தந்தாலும் வாங்காதீர்கள். 2021இல் இறக்குமதித் தடை இருந்த நேரம் அப்படிப்பட்டவை கைமாறியதை நான் அறிவேன், அந்தப் பழக்கம் இன்னும் முழுதாய்ப் போகவில்லை.

2ஆம் குழுவை ஒரு போகமாவது ஓய்வில் விடுங்கள். சேற்று விதைப்பென்றால் விதைத்த நாலு நாளுக்குள், தண்ணீர் தேங்காத ஈர மண்ணில், நெல்லைக் காக்கிற பாதுகாப்பி சேர்ந்த பிரிட்டிலாகுளோர் அடிக்கலாம், அது 15ஆம் குழு. புழுதி விதைப்புக்காரர் அதையே பார்த்து அடிக்கவேண்டாம், உங்கள் மண்ணுக்கு வேறு மருந்து, வந்து கேளுங்கள். பிறகும் புல் வந்தால் சைஹலோபொப் பியூட்டைல், அது 1ஆம் குழு, புல்லை மட்டும்தான் தொடும். கோரைக்கும் அகலஇலைக்கும் எம்.சி.பி.ஏ, 4ஆம் குழு. இந்தக் கடைசி இரண்டையும் ஒரே தாங்கியில் கலந்து "ஒரு கூலியோட முடிப்பம்" என்று நினைக்காதீர்கள். எம்.சி.பி.ஏ சேர்ந்தால் புல்லுக்கு அடிக்கிற மருந்தின் வீரியம் இறங்கும். சில நாள் இடைவெளி விடுங்கள்.

ஆனால் மருந்தை மாற்றுவது மட்டும் வழியென்றால் நாளைக்கு 1ஆம் குழுவும் போகும். உலகில் பல இடங்களில் போய்விட்டது. வன்னியில் நெல் விளைவிக்க மருந்துதான் ஒரே வழி என்று இருபது வயதுத் தம்பிமார் சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வரும். யூரியாவே உள்ளே விடாத யுத்த காலத்தில் விளைவித்த மண் இது. அந்தக் காலம் திரும்பவேண்டும் என்று சொல்லவில்லை, எங்கள் அம்மாமாரின் முதுகு அறியும் அந்தக் களையெடுப்பை. ஆனால் அவர்கள் வயலை மட்டப்படுத்தினார்கள், வரம்பைக் கட்டினார்கள், தண்ணீரை மறித்தார்கள். தேங்கி நிற்கிற தண்ணீரைவிட நல்ல களைநாசினி எந்தப் போத்தலிலும் இல்லை. மேடு பள்ளமாய் இருக்கிற வயலில் அந்தத் தண்ணீர் மேட்டை மூடாது, அங்கேதான் களை தொடங்கும்.

முடிந்தால் விதைக்க முதல் களையை ஏமாற்றுங்கள். புரட்டாதி மழைக்கு ஒரு உழவு, களை முளைக்க இரண்டு கிழமை விடுங்கள், பிறகு அதைப் புரட்டிவிட்டு விதையுங்கள். "மழை தப்பிப்போடும்" என்று சொல்வீர்கள், தெரியும். எல்லா வயலுக்கும் வேண்டாம், எதிர்ப்பு வந்த ஒரு துண்டுக்கு மட்டும் செய்யுங்கள். சிறுபோகத்துக்குத் தண்ணீர் கிடைக்காத வயலில் பயறோ உழுந்தோ போட்டால் நெற்சப்பி வாழ்கிற சேறே இல்லாமல் போகும். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை அள்ளி எறிந்து, பிறகு நல்ல தண்ணீரில் அலசுங்கள், சாவி நெல்லோடு களைவிதையும் போகும். அந்த மிதப்பைக் கோழிக்குப் போடுங்கள், வயல் ஓரத்தில் கொட்டாதீர்கள்.

கையுறை, சப்பாத்து, காற்றுக்கு எதிராக அடிக்காதே, தாங்கியை வாய்க்காலில் கழுவாதே. இதை எத்தனை வருடமாய்ச் சொல்கிறேன். இந்த முறையும் ஐயா சாரத்தை மடித்துக் கட்டி வெறுங்காலோடுதான் அடித்திருந்தார்.

அந்த வயலுக்கு அப்போது நான் கொடுக்கக்கூடிய மருந்து எதுவும் இருக்கவில்லை. பருவம் தாண்டிவிட்டது. "ஆள் பிடிச்சுக் கதிரை முறிச்சு எடுங்கோ ஐயா, விதை கொட்ட முதல். சாக்கில போட்டு வெளிய கொண்டுபோய் எரிக்கவேணும்" என்றேன். முகம் சுருங்கியது. கூலிக்கு எங்கே போவது என்று கேட்டார், நியாயமான கேள்விதான். கடைசியில் முழு வயலும் இல்லாமல் அடர்த்தியாய் நின்ற கால் ஏக்கரை அவரும் மனைவியும் மருமகளுமாய் ஐந்து நாளில் முறித்தார்கள்.

தை மாதம் அறுவடைக்கு முதல் திரும்ப அழைத்தார். வெளி மாவட்டத்து வெட்டு மெசின் வந்து நிற்கிறதாம்.

"என்ர துண்டைக் கடைசியாய் வெட்டச் சொல்லிட்டன் பிள்ளை, களைவிதை மற்றவையின்ர வயலுக்குப் போகாமல். வெட்டி முடிய மெசினைத் தட்டிக் கூட்டிப்போட்டுத்தான் வெளியால எடுக்கவேணும் எண்டும் சொன்னனான். டிறைவர் பொடியன் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும் ஐயா. நீங்கள் பக்கத்தில நிண்டு கூட்டுவியுங்கோ."